என் புக்ஸுக்கு ஒரு கேட்டலாக்

சின்ன வயசுல இருந்தே எனக்கு சரித்திர நாவல்னா உசிரு, அப்புறம் துப்பறியும் கதை, பயணக் கட்டுரை, இப்போ கொஞ்ச வருஷமா தன்வரலாறு பக்கம் மனசு போயிடுச்சு. கவிதை கம்மிதான். எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல ஏத்திட்டு இருக்கேன்.

ஆப்ல பார்கோடு ஸ்கேன் பண்ணா விவரம் தானா வந்துடும்னு சொல்றாங்க, புது புக்குக்கு சரிதான், ஆனா அந்த பார்கோடுல இருக்கற ஐஎஸ்பிஎன், அதாவது புக்கோட அடையாள நம்பர், உலக அளவுல ஸ்டாண்டர்டா ஆனதே 1970-லதான், அதுக்கு முந்தின பதிப்புக்கும் வாரப் பத்திரிகைல இருந்து எடுத்து பைண்டு பண்ணி வச்ச தொடர்கதைக்கும் அது ஏது, கையாலதான் டைப் பண்ணணும். அந்த பைண்டு வால்யூமுக்கெல்லாம் ஓவியர் பேரையும் சேர்த்தே போடறேன், படம் இல்லாம அந்தக் கதை பாதிதான்.

அடுக்கறதுக்கு, லைப்ரரில பாடத்துக்கு ஒரு நம்பர் கொடுத்துப் பிரிக்கற டூயி முறை எனக்கு ஒத்துவரல. இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820 முழுசா இருக்கு, தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811-க்குள்ள அடங்கணும். நம்ம சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-ல கொண்டுவந்த கோலன் முறை ஒரு புத்தகத்தைப் பல கோணத்துல பிரிச்சுப் பார்க்கும், அந்த யோசனை எவ்வளவு பெருசுன்னு செஞ்சு பார்த்தாதான் தெரியுது! வகை, கதை நடக்கற காலம், ஊர்னு தனித்தனி கட்டம் போட்டேன், இப்போ சோழர் காலம், தஞ்சாவூர்னு ஃபில்டர் பண்ணா நாவலும் கல்வெட்டு ஆராய்ச்சியும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்குது.

பதிப்பகம், பதிப்பு வருஷம் ரெண்டையும் விடாதீங்க, நாட்டுடைமையான எழுத்தாளர்னா ஒரே நாவலை பல பேர் போட்டிருப்பாங்க. இரவல் போனதுக்கும் ஒரு கட்டம் கண்டிப்பா வேணும்.