10 மீட்டர் பேக்சைட், 10 சென்டிமீட்டர் பிழை

சுரங்கத்துக்குள் அளவெடுக்கப் போகும் புதிய சர்வேயர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பேக்சைட், அதாவது கோணம் அளக்கத் தொடக்கத் திசையாகத் திரும்பிப் பார்க்கும் பின்புள்ளி, எவ்வளவு தூரம்?

கணக்கைப் பாருங்கள். பின்புள்ளி 10 மீட்டரில் இருக்கிறது, அங்கே தூக்குக்குண்டு 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகித் தொங்குகிறது என்றால், கோணத்தில் சுமார் 41 விநாடி பிழை வரும் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு விநாடி). அதே திசையில் 500 மீட்டர் குடைந்து போனால், முகப்பு, அதாவது குடையும் முனை, 10 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பாதை வந்து சேர வேண்டிய இடமென்றால் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. காற்றோட்ட விசிறிக்கு நேரே இருந்த புள்ளி. கூரை ஆணியிலிருந்து தொங்கிய நூல் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் முடியும் நேரம், 'சரி, பரவாயில்லை' என்று உத்தேசமாக நடுவில் பார்த்து எடுத்துவிட்டேன். மறுநாள் கோணம் ஒத்துவரவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப அளந்தோம். அதற்கப்புறம் காற்றுக்கு மறைப்பாக ஒரு பலகை பிடிக்காமல் நான் அங்கே அளந்ததே இல்லை.

புதிய புள்ளி போடுமுன், பழைய மூன்று புள்ளிகளின் கோணத்தையும் தூரத்தையும் மறுபடி அளந்து பதிவோடு ஒப்பிடுங்கள். பாறை அழுத்தத்தில் கூரைப் புள்ளியே நகர்ந்திருக்கலாம். இடமுகம், வலமுகம் இரண்டிலும், அதாவது தொலைநோக்கியைப் புரட்டித் திருப்பி இரு நிலைகளிலும், வாசிப்பு வேண்டும். பிரிசம் மாறிலி (ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்காகத் தூரத்தில் சேர்க்கும் திருத்தம்) தவறாக இருந்தால் கருவி எச்சரிக்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், கருவி உயரத்தை அங்கேயே, அப்போதே எழுதுங்கள். கூரைப் புள்ளியிலிருந்து கீழே அளந்ததென்றால் மைனஸ் குறியோடு.