கறுத்துப்போன திரையும் ஆறு பழைய கம்ப்யூட்டர்களும்

பாம்பனில் ஒரு மீன் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் அக்கா போன் செய்தார். "தம்பி, வால்பேப்பர் போயி கறுப்பா நிக்குது. மூலையில ஆக்டிவேட் விண்டோஸ்னு எழுதியிருக்கு. டாலி கணக்கெல்லாம் போயிருச்சா?"

கணக்கு எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்த மெஷினை ஆறு மாதத்துக்கு முன் 14,500 ரூபாய்க்கு பில் போட்டு விற்றவன் நான். ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் சின்னக் கடை என்னுடையது. லீஸ் முடிந்து வந்த ஆறு டெஸ்க்டாப்பைச் சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்தேன். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ஓடியது, ஆக்டிவேட் ஆகியிருந்தது. பார்த்தேன், துடைத்தேன், விற்றேன். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலையே பாம்பன் போனேன். ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று அடித்தால், அந்த விண்டோஸ் எந்த வழியாக வந்தது என்று ஒரு சின்ன ஜன்னல் காட்டும். அதில் 'வால்யூம், கேஎம்எஸ் கிளையன்ட்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வால்யூம் லைசன்ஸ் பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது. அது நிறுவனத்தோடு இருக்கும், மெஷினோடு வெளியே வராது. அதில் கேஎம்எஸ் வகை ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். கேஎம்எஸ் எனப்படும் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வந்த மெஷின்களில் நிறுவனத்தின் சர்வருக்கு வழியே கிடையாது. யாரோ வால்யூம் பதிப்பை ஏற்றி, போலி சர்வரைக் காட்டும் ஒரு சிறு புரோகிராமை உள்ளே வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் டிஃபெண்டர் ஒருநாள் அந்தப் புரோகிராமைப் பிடித்து அழித்துவிட்டது. புதுப்பிக்க எதுவும் இல்லை, நாள் முடிந்ததும் திரை கறுத்துவிட்டது.

அக்காவின் மெஷின் பிழைத்தது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் பெரிய பிராண்டு மெஷின்களில் விண்டோஸ் கீயை, அதாவது லைசன்ஸ் குறியீட்டை, மதர்போர்டிலேயே நிரந்தரமாக இருக்கும் பயாஸில் எழுதித்தான் அனுப்புகிறார்கள். அதை ஓஇஎம் லைசன்ஸ் என்போம். அது அந்த மெஷினுக்கே சொந்தம். மெஷினை விற்றால் கூடவே போகும், கழற்றி வேறொன்றில் மாட்ட முடியாது. டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் ப்ரோவைச் சுத்தமாக ஏற்றினேன். இன்டர்நெட் கிடைத்ததும் பயாஸில் இருந்த கீயை எடுத்துக்கொண்டு தானாக ஆக்டிவேட் ஆனது. முறையான லைசன்ஸ் முதல் நாளிலிருந்தே உள்ளே உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் யாரோ ஏற்றி வைத்த திருட்டு விண்டோஸோடு விற்றிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டேன். நாலு மெஷின் இதேபோல் சரியானது. ஐந்தாவது தொண்டியில்.

அதைச் சொல்லும் முன் எங்கள் ஊர் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் இரண்டு பக்கமும் கடல். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்த மெஷினைத் திறந்தால் போர்டின் கால்களில் பச்சை பூத்திருக்கும், ரேம் பிடித்துக்கொண்டு வராது. அதனால் இந்தக் கரையில் போர்டு மாற்றுவது சர்வசாதாரணம். பழுதான போர்டுக்குப் பதில் அதே மாடலோ, தயாரித்த கம்பெனி தரும் இணையான போர்டோ போட்டால் ஓஇஎம் லைசன்ஸ் நிற்கும். மார்க்கெட்டில் கிடைத்த வேறு போர்டைப் போட்டால் அது புது கம்ப்யூட்டர் கணக்கு. கேபினெட்டில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கும், அதிலே 25 எழுத்துக் கீயும் இருக்கும், உள்ளே இருக்கிற போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. ஸ்டிக்கரைப் பார்த்து விலை சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கையில் காசு வற்றும்போதுதான் வீட்டில் கிடக்கும் லேப்டாப்புகள் கடைக்கு வரும். ஐந்நூறு கூடக் கொடுங்கள் என்பதற்காக, "டாலி இருக்குண்ணே, போட்டோஷாப் இருக்குண்ணே" என்பார்கள். உள்ளே இருப்பதால் அது விற்பவருடையது என்று ஆகிவிடாது. டாலி லைசன்ஸ் வாங்கியவர் பெயரில் சீரியல் நம்பரோடு இருப்பது. மெஷினைக் கொடுக்கும் முன் சரண்டர் செய்துவிட்டால், அதாவது அந்த மெஷினிலிருந்து லைசன்ஸை விடுவித்துவிட்டால், அவரே தன் புது மெஷினில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். போட்டோஷாப் பழைய சிஎஸ்6 என்றால் டீஆக்டிவேட் செய்யச் சொல்வேன். கீழக்கரையிலிருந்து ஒரு சபுராளி காக்கா, வெளிநாட்டில் வேலை பார்த்து வந்த அண்ணன், அரபி எழுத்துப் பொறித்த கீபோர்டோடு லேப்டாப் கொண்டுவந்தார். ஆஃபீஸ் 365 இருக்கிறது என்றார். திறந்தால் துபாயில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் மெயில் இன்னும் லாகின் ஆகி இருந்தது. "காக்கா, இதை அப்படியே வித்தா வாங்குறவன் உங்க கம்பெனிக்குள்ள உக்காந்துருவான்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறி, ஃபார்மட் செய்துவிட்டுத்தான் பணம் எண்ணினோம்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான் சோதித்துப் பார்த்த இரண்டுமே எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீ. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பயன்படுத்துகிறவருக்கே இது. கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு பெண்ணை, அவருக்கே தெரியாமல் இதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேனே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்டி மெஷின் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தது. வாங்கிய இரண்டாம் மாதமே உப்பு தின்று போர்டு போய், நானே மார்க்கெட் போர்டும் வேறு கேபினெட்டும் போட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தது. அதில் எந்தக் கீயும் இல்லை. தனியாக வாங்கும் முறையான ரீடெயில் லைசன்ஸின் விலை அந்த மெஷினின் விலையை நெருங்குகிறது. கடைக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது என் செலவில் லைசன்ஸ் வாங்கித் தருகிறேன், அல்லது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம். யாருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்க உரிமை உள்ளது லினக்ஸ், அதில் எந்தக் கணக்கும் மறைக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன்.

"பிரிண்ட் வருமா? தமிழ் அடிக்கலாமா?" அவ்வளவுதான் கேட்டார்.

மின்ட் ஏற்றினேன். தமிழ்99 விசைப்பலகையை அமைத்து, லிப்ரே ஆஃபீஸில் ஒரு விண்ணப்பத்தை அடித்து அவர் பிரிண்டரிலேயே எடுத்துக் காட்டினேன். 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய பில்லை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுப் பில் எழுதினேன்: 'லினக்ஸ் மின்ட் போடப்பட்டது. விண்டோஸ் லைசன்ஸ் இல்லை. போர்டு மாற்றப்பட்டது.' இப்போது கடையில் எல்லா பில்லிலும் இந்த மூன்று விவரத்துக்கும் இடம் விட்டு அச்சடித்திருக்கிறேன்.