மணியின் அடிவயிற்றுக் கொப்புளங்கள்: நவம்பர் நாட்குறிப்பு

2025 நவம்பர் 3, திங்கள்

மழையில் நனைந்து வந்த எங்கள் நாய் மணியைத் துவட்டும்போது அடிவயிற்றில் கை பட்டது. முடி விலக்கிப் பார்த்தால் சிவந்த பொரிகள், சிலவற்றின் முனையில் சீழ். உடைந்துபோனவை வட்டமாகத் தோல் உரிந்து, ஓரத்தில் செதிலோடு நிற்கின்றன.

எதிர்வீட்டு அக்கா பார்த்ததும், "இது படர்தாமரைம்மா, எங்க வீட்ல க்ரீம் இருக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று ஓடிப்போய்க் கொண்டுவந்தார். நல்ல மனசு. வாங்கிப் பின்பக்கம் படித்தேன்: க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசால். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் ஒரே ட்யூபில். பூசினால் சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும், தொற்று உள்ளேயே இருக்கும். ஒருவேளை டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வரும் சொறியாக இருந்தால் ஸ்டீராய்டே அதை உடம்பெல்லாம் பரப்பிவிடும். போதாக்குறைக்கு நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுறேன்க்கா" என்று திருப்பிக் கொடுத்தேன். எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இப்படி ஒரு பாதி ட்யூப் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை.

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே வேப்பேரி. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா.

டாக்டரம்மா முதலில் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை, கண்ணாடித் துண்டை எடுத்தார். ஒரு கொப்புளத்தை ஊசி முனையால் மெல்லத் திறந்து, கண்ணாடியை அதன்மேல் அழுத்தி, காயவைத்துச் சாயத்தில் முக்கினார். வேறோர் இடத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்து, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி எடுத்தார். சுரண்டியதில் சொறிப்பூச்சி இல்லை. சாயமேற்றிய கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கருநீலப் புள்ளிகள் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக் கிடந்தன. சில புள்ளிகள் வெள்ளையணுக்களின் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியா. நாய்களின் தோலில் எப்போதும் இருப்பதுதான், அரிப்பாலோ ஈரத்தாலோ தோல் கெட்டால் பெருகிவிடும் என்றார்.

மாத்திரை ஏதும் எழுதவில்லை. மேல்தோலோடு நிற்கிற தொற்றுக்கு வெளிப்பூச்சும் மருந்துக் குளியலுமே முதலில் போதும், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பது அவர் கருத்து. குளோர்ஹெக்சிடின் ஷாம்பு வாரம் இரண்டு முறை. பெரிய புண்களுக்கு மட்டும் 2 சதவீத ம்யூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் ஆயின்ட்மென்ட், காலையும் மாலையும். "மனுசங்களுக்கு எம்ஆர்எஸ்ஏ, அதாவது பல ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ், வந்தாலும் இதைத்தான் தேடுறோம். கண்ட கீறலுக்கெல்லாம் தடவாதீங்க" என்று இருமுறை சொன்னார்.

நவம்பர் 5, புதன்

பூசுவதில் இருக்கிற வேலை, பூசிய பிறகு காப்பதில் இருக்கிற வேலையில் பாதிகூட இல்லை.

புண்ணைச் சுற்றி முடியை அங்கேயே கத்தரித்து அனுப்பியிருந்தார்கள். முடிமேல் பூசிய மருந்து தோலுக்குப் போகாது. சலைனில் நனைத்த பஞ்சுத் துணியை ஒற்றி வைத்தால் பொருக்கு ஊறித் தானே வருகிறது, பிய்க்கத் தேவையில்லை. ஒற்றி ஈரம் போக்கி, கையுறை போட்டு, உளுந்தளவு மருந்தை விரலில் எடுத்து மெலிசாகத் தேய்க்கிறேன். ட்யூபின் வாயைப் புண்ணில் படவிடுவதில்லை. பட்டால் அடுத்த முறைக்கும் கிருமி அதிலேயே காத்திருக்கும்.

பிறகு கால் மணி நேரமாவது நாக்கு அங்கே போகக் கூடாது. அதனால் சோறு வைப்பதற்குச் சற்று முன்பும், மாலை நடைக்குக் கிளம்பும்போதும் பூசுகிறேன். மணிக்கு இரண்டுமே பிடித்த நேரம், வயிற்றை மறந்துவிடுகிறான். மற்ற நேரம் கழுத்தில் கூம்புக் காலர். கட்டுப் போடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம், மூடினால் உள்ளே ஈரம் கட்டி இன்னும் கெடும்.

ஒன்றைக் குறித்து வைக்கிறேன்: ம்யூபிரோசின் ஆயின்ட்மென்டுகள் பலவற்றில் களிம்பின் அடிப்பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால். தோல் பெரிதாக உரிந்த காயத்தில் அப்பினால் அது ரத்தத்தில் ஏறும், சிறுநீரகம் பலவீனமான பிராணிக்கு ஆபத்து. பெரிய காயம் என்றால் ட்யூபைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

குளியல். நுரை 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும், உடனே அலசினால் பயனில்லை. கண்ணிலும் காதிலும் படாமல் முகத்தை விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகள் போன். "அக்கா, பூனைக்கு முகத்துல வட்டமா முடி கொட்டியிருக்கு. மணிக்குப் போடுறதையே போடட்டுமா? இல்ல, வீட்ல மூணு ஆன்டிபயாடிக் கலந்த ஆயின்ட்மென்ட் இருக்கு."

இரண்டையும் தொடாதே என்றேன். பூனைக்கு வட்டமாக முடி கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஞ்சையை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, அதற்குள் மடியில் தூங்குகிற அவள் குழந்தைக்கும் தொற்றிவிடும். இன்னொன்று, பாலிமிக்சின் கலந்த கண் ஆயின்ட்மென்ட் போட்ட பூனைகளுக்குக் கடும் ஒவ்வாமை வந்து, சில இறந்தும் போயிருக்கின்றன. அரிதுதான். ஆனாலும் டாக்டர் சொல்லாமல் எதற்கு?

"சரி, டீ ட்ரீ ஆயில்?" பூனைக்கு அது விஷம். காலமைன் லோஷனில் ஜிங்க் ஆக்சைடு, நக்கினால் வாந்தி. மாமா மூட்டுவலிக்குத் தடவுகிற டைக்ளோஃபெனக் ஜெல்லும், சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் களிம்பும் பிராணி நக்குகிற கையில்கூட இருக்கக் கூடாது. நாளைக்கே டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

தெருமுனை செவலை நாயின் முதுகில் யாரோ கரி ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், சொறி போகுமாம். தோல் வெந்து, நக்கி நக்கி வாந்தி. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட்டு, பிராணிநல ஆட்களுக்குச் சொல்லி ஏற்றி அனுப்பினோம். கோபம் இன்னும் தணியவில்லை. ஊற்றியவருக்கும் அந்த நாய்மேல் அக்கறைதான் இருந்திருக்கும். பலனை அனுபவிப்பது நாய்.

நவம்பர் 25, செவ்வாய்

மறுபரிசோதனை. கொப்புளம் ஒன்றும் இல்லை, முடி முளைக்கிறது. டாக்டரம்மா மறுபடியும் கண்ணாடியில் ஒற்றிப் பார்த்த பிறகே ஆயின்ட்மென்டை நிறுத்தச் சொன்னார். வாலடியில் தெள்ளுப்பூச்சியின் எச்சம் கிடைத்தது, ஈரத்துணியில் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரைகிறது. அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். இனி மாதாமாதம் தெள்ளு மருந்து, படுக்கைத் துணிக்கு வெந்நீர். கொப்புளம் மறுபடி வந்தால் மிச்ச ட்யூபைத் திறக்காமல் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார், கல்ச்சர் எடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க வேண்டுமாம்.