ஜெர்மனியில் முதல் இரண்டு வாரம்: அன்மெல்டுங்கைச் சரியாக முடிப்பது எப்படி

விசா கிடைக்கும்வரை நம் மாணவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு), காப்பீடு என்று ஒவ்வொன்றையும் கவனமாக முடித்துவிடுகிறார்கள். தடுமாற்றம் இறங்கிய பிறகுதான். புது வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வரி எண், வசிப்பு அனுமதி, பல வங்கிகளில் கணக்கு எல்லாமே இது முடிந்த பிறகுதான் நகரும்.

பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம் இவை எல்லோரிடமும் இருக்கும். மாட்டிக்கொள்வது வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்கில். நீங்கள் குடிவந்ததை வீடு தருபவர் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் கடிதம் அது. 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. ஒரே பக்கம்தான்: வீடு தருபவரின் பெயர், முகவரி, அறை இருக்கும் முகவரி, குடிவந்த தேதி, குடிவந்தவர்கள் பெயர். உள்வாடகைக்குப் போனால் மூல வாடகைதாரரே இதை எழுதித் தரலாம். "அறை உண்டு, பதிவு மட்டும் செய்ய முடியாது" என்பவரிடம் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு முகவரி மட்டும் தருகிறவர்கள் பக்கமும் போகாதீர்கள். குடியிருக்காத வீட்டைப் பதியக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு, பதிகிறவரும் தப்ப முடியாது.

பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் டெர்மின், அதாவது அலுவலகத்தில் முன்பதிவு நேரம், கிடைப்பது பெரும்பாடு. பெர்லினில் உங்கள் பகுதி அலுவலகம்தான் என்றில்லை, நகரின் எந்த ப்யூர்கர்ஆம்ட்டிலும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) பதியலாம். மற்றவர்கள் ரத்துசெய்த நேரங்கள் அவ்வப்போது முன்பதிவு இணையதளத்தில் தலைகாட்டும், விடாமல் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டித்தான் தேதி கிடைக்கிறதென்றால், முன்பதிவை உறுதிசெய்யும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தை நிதானமாக நிரப்ப வேண்டும். கத்தோலிக்கர், எவாஞ்சலிக்கல் (புராட்டஸ்டன்ட்) என்று பதிந்தால், வருமான வரி கட்டும் நாள் வரும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் போகும். பிறகு விலக வேண்டுமென்றால் அதற்குத் தனி நடைமுறை.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். இனிஷியல் விரிந்து குடும்பப்பெயராகியிருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே பல்கலைக்கழகம், காப்பீடு, வாடகை எல்லாவற்றிலும் எழுதுங்கள். அலுவலர் அச்செடுத்துத் தரும் மெல்டெபெஷ்டேட்டிகுங்கை (பதிவுச் சான்று) நாற்காலியை விட்டு எழுமுன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழையை அங்கேயே திருத்துவது எளிது.

வீடு திரும்பியதும் முதல் வேலை தபால் பெட்டி. ஜெர்மன் முகவரிகளில் பெரும்பாலும் ஃபிளாட் எண் கிடையாது. தெரு, கட்டட எண், அதற்குப் பிறகு பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். 11 இலக்க வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண் (PIN), காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டினாலே போதும். அழைப்புமணிப் பலகையிலும் ஒன்று ஒட்டுங்கள்.

சில வாரங்களில் பொதுத்துறை வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒரு கட்டணம். உடன் இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிடுங்கள்.