கேட்பவர் முகம் இல்லாத காட்சி

ராபர்ட் ஆல்ட்மன் 1977இல் எடுத்த 'த்ரீ விமன்' படத்தில் மில்லி (ஷெல்லி டுவால்) ஓயாமல் பேசுகிறாள். கலிஃபோர்னியப் பாலைவனத்தில், முதியவர்களுக்கான நீர்ச்சிகிச்சை நிலையத்தில் வேலை. சமையல் குறிப்பு, விருந்து ஏற்பாடு என்று பேச்சு நிற்பதே இல்லை. மதியம் டாக்டர்கள் நடுவில் சாப்பிட உட்காருகிறாள். அவர்கள் அவளைத் தாண்டித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். யாரும் அவமானப்படுத்தவில்லை, பதில் மட்டும் வருவதில்லை. அவளும் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் உடையின் ஓரம் வெளியே மாட்டிக்கொள்கிறது, திரும்பத் திரும்ப.

எடிட்டிங் வேலையில் இருக்கும் எனக்கு இது பெரிய பாடம். ஒருவர் பேசினால் கேட்பவர் முகத்தைக் காட்டுவது எங்கள் கைப்பழக்கம். ஒரு தலையசைப்பு போதும், இருவருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

ஒரு குறும்படத்தில் அலுவலகக் காட்சி. ஒரு பெண் தன் அம்மாவின் ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறாள். பக்கத்து மேசைக்காரர் தலையசைக்கும் ஷாட் நன்றாகவே வந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அவள் முகத்திலேயே நிறுத்தி, கீபோர்டு சத்தத்தை மட்டும் விட்டேன்.

"அந்த ஆள் கேக்கறாரா இல்லையா?" என்றார் இயக்குநர்.

"அவளுக்கும் தெரியாது சார்."

இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அப்புறம், ஷாட்டை இன்னும் கொஞ்சம் நீட்டலாமா என்று கேட்டார்.

மில்லி சொல்வதை முழுசாகக் கேட்பவள் பிங்க்கி (சிஸ்ஸி ஸ்பேஸெக்) ஒருத்திதான். வேலைக்குப் புதுசு. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள், அறைத்தோழி ஆகிறாள், டைரியைப் படிக்கிறாள். நீச்சல்குளத்தில் குதித்துக் கோமாவுக்குப் போகிறாள்; எழுந்த பிறகு மில்லியின் இடத்தையே எடுத்துக்கொள்கிறாள். இது நட்பா, பக்தியா, திருட்டா? படம் சொல்வதில்லை. கதையின் கரு கனவில் வந்தது என்று ஆல்ட்மனே சொல்லியிருக்கிறார். கனவில் யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்துவதில்லை.

"இவங்களுக்குள்ள என்ன உறவுன்னு புரியலையே" என்று யாராவது சொன்னால், டப்பிங்கில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்வது எங்கள் வழக்கம். பல படங்களுக்கு அது தேவைதான். இந்த மாதிரிப் படத்துக்கு அது கேடு. தனித்துப்போனவர்கள் தன்னைக் கவனிக்கும் ஒருவரை இன்ன உறவு என்று பிரித்துப் பார்த்து ஏற்பதில்லை. கிடைத்த கவனத்தைப் பற்றிக்கொள்கிறார்கள். உறவு குழம்புவதே அங்கேதான்.

கடைசியில் மில்லி, பிங்க்கி, படத்தின் மூன்றாவது பெண்ணான ஓவியர் வில்லி (ஜேனிஸ் ரூல்) மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பிங்க்கிக்கு மில்லி இப்போது அம்மா. கடுமையாகத்தான் அதட்டுகிறாள்; பிங்க்கியும் சொன்னபடி கேட்கிறாள். இதை மில்லிக்குக் கிடைத்த விடுதலை என்று எழுதுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கீழ்ப்படிய ஆள் கிடைத்திருக்கிறது. பேசுவதற்கு இன்னும் கிடைக்கவில்லை.