சிறார் கதை எழுதுறவங்களோட பாதி வேலை வெளியிலதான்

என்ன பண்றீங்கன்னு யாராவது கேட்டா குழந்தைகளுக்கு கதை எழுதுறேன்னு சொல்லுவேன், உடனே "அப்ப பெரியவங்களுக்கு எப்ப எழுதப் போறீங்க"ன்னு ஒரு கேள்வி வரும், ஏதோ நான் எல்கேஜில ஃபெயிலாகி அங்கயே உக்காந்திருக்கிற மாதிரி. சரி விடுங்க, அதைப் பத்தி இன்னொரு நாள் புலம்பலாம். இன்னிக்கு எழுத வந்தது பசங்களைப் பாக்கப் போற கதை. எழுதுறது என்னவோ வீட்லதான், ஆனா புத்தகம் வந்ததுக்கப்புறம்தான் நிஜ வேலையே ஆரம்பிக்குது, பஸ்ஸு, ஸ்கூலு, லைப்ரரி, புத்தகக் காட்சின்னு ஓடிட்டே இருக்கணும்.

இதுக்குன்னு ஒரு சீசன் இருக்கு. ஜனவரியில சென்னை புத்தகக் காட்சி, அது முடிஞ்சா ஒவ்வொரு மாவட்டமா புத்தகத் திருவிழா. நவம்பர் 14 வந்துட்டா எல்லா ஸ்கூலும் ஒரே நாள்ல கூப்பிடுவாங்க, மறுநாள் வரட்டுமான்னு கேட்டா வேணாம்பாங்க. ஏப்ரல் 2 உலக சிறார் புத்தக தினம், டென்மார்க் கதை எழுத்தாளர் ஆண்டர்சன் பிறந்த நாள், நியாயமா அன்னிக்குத்தான் எங்களுக்கு ராஜ மரியாதை நடக்கணும், ஆனா நம்மூர்ல அது முழு ஆண்டுப் பரீட்சை நேரம், கதை புத்தகத்தைக் கையில எடுத்தாலே திட்டு விழும், இதுல எழுதினவங்களை எங்க கூப்பிடறது.

கூப்பிடறவங்க பாசமாத்தான் கூப்பிடுறாங்க, அதுல குறையே இல்ல. ஆனா போய்ப் பாத்தா கிரவுண்டுல மொத்த ஸ்கூலையும் வெயில்ல உக்கார வெச்சிருப்பாங்க. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, எனக்கு சால்வை, தலைமை தாங்குறவருக்கு சால்வை, மைக் செட்காரர் ஊருக்கு வேண்டியவர்னா அவருக்கும் ஒரு சால்வை, அப்புறம் ஒருத்தர் அப்துல் கலாம் பத்தி முக்கா மணி நேரம் பேசுவார். என் முறை வர்றதுக்குள்ள ஒண்ணாங்கிளாஸ் பசங்க மண்ணுல வீடு கட்டி, இடிச்சு, முன்னாடி இருக்கிற பொண்ணோட ரிப்பனையும் அவுத்து முடிச்சிருப்பாங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்றது, நானே அந்த நேரத்துல கொட்டாவியை அடக்கிட்டுதான் இருப்பேன்.

அதனால இப்பல்லாம் ஃபோன்லயே சொல்லிடுறேன், மேடை வேணாம், மைக் வேணாம், ஒரு நேரத்துக்கு ஒரு கிளாஸ் போதும், தரையில உக்காந்துக்கலாம்னு. படப் புத்தகம் படிச்சுக் காட்டும்போது புத்தகத்தை மடியில வெச்சுக்கக் கூடாது, காதுக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிக்கணும், படம் அவங்க பக்கம் இருக்கணும், நாம ஓரக் கண்ணால வரியைப் பாத்துக்கணும். எழுதும்போதே பக்கம் திருப்புற இடத்தை மனசுல வெச்சுதான் எழுதுவோம், பதினாறு பக்கம்னா ஒரு ஃபாரம் (பிரஸ்ல ஒரே தாள்ல சேர்த்து அச்சடிச்சு மடிக்கிற பக்கங்க), அதுக்கு மேல ஒரு பக்கம் கூட கிடைக்காது, அதனால கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கிறாங்கங்கிறது கண்டிப்பா வலது பக்கத்தைத் திருப்பினாத்தான் தெரியணும். அந்த இடத்துல ஒரு செகண்ட் சும்மா இருந்தா போதும், கிளாஸே முட்டி போட்டு முன்னாடி நகர்ந்து வரும். பின்னாடி இருக்கிறவன் "மறைக்குது மறைக்குது"ன்னு கத்துவான். எனக்கு எந்த சால்வையும் அதுக்கு ஈடில்ல.

செங்கம் பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி, மூணாவது பசங்க. கதை என்னன்னா, ஒரு பொண்ணு வளர்க்கிற ஆட்டுக்குட்டி மழையில தொலைஞ்சு போயி கடைசியில கிடைச்சிடும், அவ்ளோதான். முடிச்சதும் முன் வரிசையில ஒரு பையன், சட்டையில மேல் பட்டன் இல்லாம ஊக்கு குத்தியிருந்தான், எழுந்திருக்காமலே கேட்டான், "மிஸ், அது கெடாவா பெட்டையா?"

நான் அதை யோசிக்கவே இல்ல, என்ன, கதையில தேவைப்படல. அவனையே திருப்பிக் கேட்டேன், ஏன்டா அதுல என்ன இருக்குன்னு. "பெட்டைன்னா குட்டி போடும்னு வெச்சுக்குவாங்க. கெடான்னா ஆடி மாசம் இருக்காது." அவ்ளோதான், ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. எங்க வீட்ல எத்தனை உருப்படி, எந்தத் தழை குடுத்தா பால் நல்லா இறங்கும், மழையில நனைஞ்ச குட்டியை முதல்ல சாக்கால துடைக்கணும், உங்க கதையில அந்தப் பொண்ணு துடைக்கவே இல்லையே மிஸ்னு ஒருத்தி. டீச்சருக்கு சங்கடமாயிடுச்சு, மேடம் முன்னாடி வெட்டுறது பத்தியெல்லாம் பேசக் கூடாதுன்னு அதட்டினாங்க. நான் பேசட்டும்னு கெஞ்சினேன். அந்த ஊக்கு குத்தின பையன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவங்க வீட்டுக் கெடாவை சந்தைக்கு ஓட்டிட்டுப் போன அன்னிக்கு அவனுக்கு காய்ச்சலாம், ஆனா லீவு போடாம ஸ்கூலுக்கு வந்துட்டானாம். ஏன்னு நான் கேக்கல. அவனும் சொல்லல.

அந்த நேரம் பாத்து டீச்சர் எழுந்து, "சரி, இந்தக் கதையோட நீதி என்ன, யாரு சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டாங்க. அதே பையன் டக்குனு எழுந்து நின்னு கையைக் கட்டிக்கிட்டு, "பிற உயிர்களிடம் நாம் அன்பு காட்ட வேண்டும்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு உக்காந்துட்டான். ஒரு நிமிஷம் முன்னாடி பேசிட்டிருந்த ஆளே இவன் இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க. அதோட பேச்சு முடிஞ்சது, அடுத்து யாரும் வாயைத் திறக்கல.

டீச்சர்ங்களைக் குறை சொல்ல இதை எழுதல, அவங்களுக்கும் ரெஜிஸ்டர், ரிப்போர்ட், மேல இருந்து வர்ற பிரஷர்னு ஆயிரம் இருக்கு. ஆனா இந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுடுங்கன்னு நான் போற இடமெல்லாம் கேட்டுக்கறேன். நீதி என்னன்னு கேட்ட உடனே பசங்க கதையை விட்டுட்டு பரீட்சைக்குப் போயிடுறாங்க. அவங்களுக்குக் கேக்க வேற கேள்வி இருக்கு, அதை முதல்ல கேக்க விடணும். அப்புறம் இன்னொண்ணு, இப்பல்லாம் நான் எந்தக் கதையில ஆடு வந்தாலும் கெடாவா பெட்டையான்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுதான் எழுத உக்கார்றேன்.

சிட்டி ஸ்கூல்ல கேள்வியே வேற. உங்களுக்கு யூடியூப் சேனல் இருக்கா ஆன்ட்டி, எத்தனை சப்ஸ்கிரைபர்ஸ், சம்பளம் எவ்ளோ. நான் மறைக்கிறதே இல்ல, போர்டுலயே கணக்கு போட்டுக் காட்டுவேன்: புத்தகம் விலை 60 ரூபா, ராயல்டி பத்து பர்சென்ட், அப்ப ஒரு புத்தகத்துக்கு எனக்கு 6 ரூபா. ஒரு நாலாங்கிளாஸ் பொண்ணு ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு "அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா. வேற வேலை பாக்கறேன்மா, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் பேங்க்ல வேலை பாத்துட்டுதான் அத்தனை பாட்டும் எழுதினார்னு சொன்னேன். அவளுக்கு சமாதானமாகல. டிபன் பாக்ஸ்ல இருந்து ஒரு பிஸ்கெட் எடுத்துக் குடுத்தா, நானும் வாங்கிட்டேன்.

ஆட்டோகிராஃப் ஒரு தனி கூத்து. புத்தகம் இல்லாதவங்கதான் ஜாஸ்தி, அதனால ரஃப் நோட்டு, பஸ் பாஸ், உள்ளங்கை, எல்லாத்துலயும் போட்டிருக்கேன். பேரு எழுதும்போது இனிஷியல் விட்டுட்டா விடவே மாட்டாங்க, கிளாஸ்ல அதே பேர்ல இன்னொருத்தன் இருக்கானாம், அவன் தன்னுதுன்னு சொல்லிடுவானாம்.

இப்ப அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கம்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி வெச்சு குட்டிக் குட்டி புத்தகமா குடுக்கறாங்க, நிஜமாவே நல்ல காரியம். போற கிளாஸ்ல சில பேர் ஏற்கெனவே ஏதாவது படிச்சிருக்காங்க, "இது அந்தக் கதை மாதிரி இல்ல"ன்னு என்கிட்டயே விமர்சனம் பண்றாங்க. ஆனா ஒண்ணு, புத்தகம் பீரோவுக்குள்ள பூட்டி இருந்தா எந்தத் திட்டமும் ஒண்ணும் பண்ண முடியாது. என்னைக் கூப்பிடறவங்களுக்கு ஒரே வேண்டுகோள், சால்வை காசுக்கு நாலு புத்தகம் வாங்கி (என்னுதுதான் வேணும்னு இல்ல) நான் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பசங்க கையில குடுத்துடுங்க. கிழிஞ்சா கிழியட்டும்.

போன வாரம் ஒரு ஸ்கூல்ல இருந்து கட்டா போஸ்ட் கார்டு வந்திருக்கு, ஒரு டீச்சர் கிளாஸ் முழுக்க எழுத வெச்சிருக்காங்க. முக்காவாசி "நலம் நலமறிய ஆவல்"ல ஆரம்பிச்சு "தங்கள் கதை மிகவும் அருமை"ல முடியுது, போர்டுல எழுதிப் போட்டதை பாத்து எழுதினதுன்னு கையெழுத்தே சொல்லுது. நடுவுல ஒரே ஒரு கார்டுல வணக்கம் கூட இல்லாம நேரா விஷயம்: "அடுத்த கதையில என் பேரை வைங்க. வில்லனா வேணாம். போலீஸா இருந்தா நல்லது. நாய் இருக்கணும்."

பதில் எழுதணும், எல்லாருக்கும் தனித்தனியா எழுதணும், ஒருத்தனுக்கு மட்டும் போட்டா அங்க சண்டை வந்துடும். கார்டு வாங்க எங்க ஏரியா போஸ்ட் ஆபீஸ் போனா ஸ்டாக் இல்ல, வியாழக்கிழமை வாங்கன்னு சொல்லிட்டாங்க. நாய்க்கு என்ன பேருன்னு அவன் எழுதல, அதை வேற கேக்கணும்.