கம்பளி எதுக்கு சார்?

பணி ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. இன்னமும் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் என் கண் முதலில் அவர்கள் முழங்கைக்குத்தான் போகிறது. உள்பக்கம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா, சுண்டுவிரல் மடங்கியிருக்கிறதா, கையில் வெளிறிய தேமல் ஏதாவது தெரிகிறதா. பேருந்தில் பார்ப்பேன், கல்யாணப் பந்தியில் பார்ப்பேன். பார்ப்பது தெரிந்தால் என் மனைவி தொடையில் கிள்ளுவாள்.

தொழுநோய்ப் பிரிவில் நான் சேர்ந்தது 1989இல். அரசு வேலை, மாதச் சம்பளம், சேலத்திலேயே இருக்கலாம். அவ்வளவுதான் காரணம். ஆலயத்தில் சிலர் அதை ஊழியம் என்று சொன்னபோது நானும் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாளே அந்தப் பெருமை போய்விட்டது. வெளிநோயாளிகள் பெஞ்சில் ஒருவர் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். பாதத்தின் நடுவே நாலணா அகலத்துக்கு ஒரு குழி. அந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. கட்டடத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். எங்கள் சீனியர் ஒரு பாய். வெற்றிலைப் பெட்டியும் மடித்த கைலேஞ்சியுமாக இருப்பார். அவர் என்னைத் திட்டவில்லை. "வாடை ஒரு மாசத்துல பழகிரும். மூஞ்சிய மட்டும் திருப்பாதே. அவங்க பாக்குறது அதைத்தான்" என்றார்.

கால் கழுவ எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு பிளாஸ்டிக் பேசின், பச்சைத் தண்ணீர், 20 நிமிடம் ஊறல். வெந்நீர் வைக்கக் கூடாது. சூடு தெரியாத கால் வெந்துபோனாலும் நோயாளிக்குத் தெரியாது. ஊறியதும் காய்ப்பு ஏறிய தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். துடைத்து முடித்து, ஈரம் முழுக்கக் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் விரலிடுக்கு ஒவ்வொன்றாக முள், ஆணி, கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செருப்பைத் துளைத்துப் பாதத்துக்குள் இரண்டு அங்குலம் ஏறிய ஆணியோடு அம்மாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். "செருப்பு கழல மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றுதான் காலை நீட்டினார்.

பெரிய வியாழன் அன்று எங்கள் ஆலயத்தில் ஆயர் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுவார். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி வந்திருப்பார்கள். நானும் ஒரு வருடம் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வலி இல்லாததுதான் இந்த நோயின் வினை. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். கிருமி நரம்பைத் தின்கிறது, உணர்ச்சி போகிறது, மீதிச் சேதத்தை அடுப்பும் கத்தியும் ஆணியும் செய்கின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். அவர் நம் மலைக்காரர். பிறந்தது 1914இல், கொல்லிமலையில். அந்த மலை அன்றைக்குச் சேலம் மாவட்டம். நாமக்கல் பிரிந்தது 1997இல்தான். மிஷனரியான அவருடைய அப்பா 1929இல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தார். மகன் வேலூருக்கு வந்து, மடங்கிப்போன கைகளில் தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை நீட்டி மடக்க வைத்தார். ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருப்பது ஏன் என்று கண்காணித்தபோது, தூங்குகிறவர்களின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். கிறிஸ்தவ அன்பு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூனைதான் ஞாபகம் வரும். ஜெபம் பண்ணியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பூனையும் கொடுத்தார்கள்.

சரி, கம்பளிக்கு வருகிறேன்.

1991இல் எனக்கு ஏற்காடு பக்கம் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காப்பித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் அந்த அம்மாவைக் கண்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடுங்காப்பி டம்ளரை வெறுங்கையில் பிடித்து எனக்கு நீட்டினார். நான் வாங்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அவர் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. முதுகிலும் தோளிலும் தேமல். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டால், எங்கே தொட்டேன் என்று அவரால் காட்ட முடியவில்லை.

கூட்டு மருந்து அப்போது வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த மூன்று மருந்துகள். இப்போது இவருடைய வகைக்கு 12 மாதம் போதும்; அன்று 24 மாதம். மாதம் ஒரு நாள் எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும், மீதி அட்டையை வீட்டில் வைத்துத் தினமும் சாப்பிட வேண்டும். முதல் வேளை விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று சொன்னேன். தோல் கறுக்கும், நிறுத்தினால் மெல்லத் திரும்பிவிடும் என்றும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "லைன்ல யாருக்கும் தெரியாதுங்களே?"

தெரியாது என்றேன்.

ஏழு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். தேமல் மங்கிவந்தது. டிசம்பரில் மலையில் பனி இறங்கியது. பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே போர்வை. நான் கீழே வந்து ஆலயத்தில் வாலிபர் கூட்டத்தில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "மலைமேல் ஒரு தொழுநோய்ச் சகோதரி" என்றேன். அதற்கே பெண்கள் பகுதியில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். காணிக்கை குவிந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வேன் பிடித்து, கித்தார், டிரம், கேக், அரிசி மூட்டை, இரண்டு கம்பளியோடு பதினான்கு பேர் ஏற்காடு ஏறினோம். லைன் முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. பாட்டுப் பாடினோம். ஒரு தம்பி மண்டியிட்டு அந்த அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஜெபித்தான். இன்னொருவன் போட்டோ எடுத்தான். அந்த ஜெபத்தில் "குஷ்டரோகியைத் தொட்ட ஆண்டவரே" என்று ஒரு வரி வந்தது. மைக் இல்லை, ஆனால் மலையில் குரல் நன்றாகக் கேட்கும்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் அமைதியாக இருந்தோம். மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஜனவரியில் மாத்திரை அட்டையோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து, குழாயில் அவரைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை, மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடவில்லை, மகளுக்குப் பேசிவைத்த இடமும் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். எங்கே போனார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. அல்லது என்னிடம் சொல்லவில்லை.

கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் குச்சிக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். உணர்ச்சியில்லாத கையில் கத்தி. மூன்று விரல்களில் துணி சுற்றியிருந்தது, துணியின் மேல் கிழங்கு மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. மருந்து விட்டுப்போயிருந்தது. முதலில் என்னைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது கவனிக்கிறார்களா என்று. கிடங்கின் பின்னால் போய் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"மாத்திரையோட வந்திருந்தாப் போதும் சார். கம்பளி எதுக்கு சார்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் அந்தக் குஷ்டரோகி வருகிற இடம் சிறுவயதிலிருந்து எனக்கு மனப்பாடம். "மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு" என்று இருக்கும். எல்லாப் பிரசங்கமும் அந்தத் தொடுதலோடு நின்றுவிடும். என்னுடையதும்தான், ஞாயிறு பள்ளியில். அதற்கு மூன்று வசனம் தள்ளி, ஒருவனுக்கும் ஒன்றும் சொல்லாதே என்று இயேசு அவனைக் கண்டிப்பாக எச்சரிக்கிறார். அவன் கேட்காமல் ஊரெல்லாம் சொல்கிறான். கடைசியில் அவர் ஊருக்குள் வர முடியாமல் வெளியே வனாந்தரத்தில் தங்குகிறார். ஊருக்கு வெளியே இருந்தவன் உள்ளே போய்விட்டான், உள்ளே இருந்தவர் வெளியே போய்விட்டார். எங்கள் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் வேனில் வீட்டுக்கு வந்துவிட்டோம். வெளியே போனது அந்த அம்மா.

அதற்கப்புறம் என் வேலை முறை மாறியது. ஜீப்பைத் தோட்டத்துக்கு அரை மைல் முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்தேன், ஏனென்றால் அதன் கதவில் எங்கள் திட்டத்தின் பெயர் இருந்தது. அட்டையைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன். ஒரு வீட்டுக்கு மட்டும் போகாமல் லைனில் பத்து வீட்டுக்கும் போய் எல்லோருக்கும் தேமல் பார்த்தேன், எந்த வீட்டுக்காக வந்தேன் என்று தெரியாதபடி. வேலை பத்து மடங்கு. ஒரு முறை அப்படிப் பார்த்ததில் புதிதாக இரண்டு குழந்தைகளுக்கு நோய் தொடங்கும் நிலையிலேயே தெரிந்தது, நான் திட்டமிட்டதல்ல. பேக்டரிப் பக்கத்துக்கு அந்த அம்மாவைத் தேடிப் போகும்போது கிழங்கு வியாபாரி மாதிரி போவேன். விலைகூடப் பேசுவேன். முதல் மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது மாதம் "இந்த வேசம் உங்களுக்கு ஒத்துவரலீங்க சார்" என்று சிரித்தார். விட்ட மருந்தை மறுபடி தொடங்கி முடித்தார். நோய் போயிற்று. விரல்களில் இரண்டின் நுனி போனது போனதுதான்.

இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் இறங்கிவிட்டது என்று 2005 டிசம்பரில் கணக்கு எட்டியது. எங்களில் சிலர் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். ஆனால் கணக்கு இறங்கியதால் ஊர் வாய் இறங்கிவிடவில்லை. கணவனோ மனைவியோ தொழுநோயாளி என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2019இல்தான். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருடச் சட்டத்திலும் அது அதுவரை இருந்தது. பீடத்தில் நின்று "நோயிலும் சுகத்திலும்" என்று சொல்ல வைக்கிற நாம்தான் அதை அத்தனை வருடம் கவனிக்காமல் வைத்திருந்தோம்.

எங்கள் ஆலயத்திலேயே ஒருவர் இருக்கிறார். கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். விரல் வெந்தது தெரியாமல் வேலை செய்து, தாமதமாக எங்களிடம் வந்து, முழுக்கக் குணமானவர். வலது கை மட்டும் மடங்கியே இருக்கும். முதல் வேளை மருந்திலேயே பரவும் தன்மை போய்விடும் என்று நான் ஆலயத்தில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்திலிருந்துதான் எல்லோரும் திராட்சரசம் குடிப்போம். யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. அவராகவே வரிசையின் கடைசியில் போய் நிற்பார், தனக்குப் பின்னால் குடிக்க யாரும் இல்லாதபடி.

கடைசியில் பாத்திரத்தில் மீதி இருப்பதை ஆயர் குடித்து முடிக்க வேண்டும், அது முறை. அப்போதிருந்த ஆயர் அவர் குடித்த இடத்திலேயே வாய் வைத்து, துடைக்காமல், மிச்சத்தைக் குடித்துவிட்டு அடுத்த பாட்டு எண்ணைச் சொல்வார். ஒன்பது வருடம். பிரசங்கத்தில் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கே அவர் மாற்றலாகிப் போகிற வருடம்தான் கண்ணில் பட்டது, அதுவும் பாட்டுப் புத்தகத்தைத் தேடித் தலையைத் தூக்கியதால்.

புதிதாக வந்த ஆயர் இளைஞர். கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்று மாற்றிவிட்டார். பழைய ஆட்கள் முணுமுணுத்தோம், ஒரே பாத்திரத்தின் அர்த்தம் போயிற்று என்று. போன மாதம் திருவிருந்துக்கு எழுந்து நின்றபோது பார்த்தேன். கொலுசுக்காரர் வரிசையின் நடுவில் நின்றிருந்தார். மடங்கிய கையால் கிண்ணத்தை எடுக்க வராததால் பின்னால் நின்ற பையன் எடுத்துக் கொடுத்தான்.